நூல் கட்டிய இறக்கை

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறி குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு அப்பா உட்கார்ந்துவிட்டால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். தெருவில் பத்து வீட்டில் பத்துத் தறி. நாடா ஓடும் ஓசையும் பலகை அடிக்கும் ஓசையும் காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை ஓயாது. அதற்கு நடுவிலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற விமானத்தின் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்ப்பேன். "அது இரும்பும் எண்ணெயும்டா. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வந்து தார்க்குச்சியில நூல் சுத்து" என்பார் அப்பா, பாவு நூலிலிருந்து கண் எடுக்காமல்.

சம்பந்தம் உண்டு என்று எனக்கு அறுபது வயதுக்குமேல்தான் தெரிந்தது. தெரிந்துகொண்ட இடம் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான பிராட்ஹெட். அதன் விமானத் திடலில் தார் போட்ட ஓடுபாதை கிடையாது. மூன்று புல் பாதைகள், சில கொட்டகைகள், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் ஒரு துணிப்பை. இவ்வளவுதான்.

மகள் மேடிசனில் இருக்கிறாள். ஜூலை மாதம் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை, "மாமா, விமானம்னா உங்களுக்கு உசிராச்சே, வாங்க ஒரு இடம் காட்டறேன்" என்று வண்டியை எடுத்தார். ஒரு மணி நேரப் பயணம். வழியெல்லாம் மக்காச்சோளக் கொல்லை, சோயாக் கொல்லை, பால் மாட்டுப் பண்ணைகள். ஊர் வந்ததே தெரியவில்லை. ஒரு கொல்லையின் வரப்பைத் தாண்டிச் சின்ன விமானம் ஒன்று தாழ இறங்கியதைப் பார்த்துத்தான் வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

அங்கே அன்று நடந்ததை அவர்கள் ஃப்ளை-இன் என்கிறார்கள். சாகசம் காட்டும் விமானக் கண்காட்சியோ போட்டியோ இல்லை. சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் குறித்துக்கொண்டு, அவரவர் ஊரிலிருந்து பறந்து வந்து ஒரு திடலில் இறங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருவர் விமானத்தை மற்றவர் சுற்றிப் பார்த்து, பேசிவிட்டுப் பறந்து போவது. விவசாயி, தச்சர், பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் என்று பலரும் வந்திருந்தார்கள். காசுக்குப் பறப்பவர்கள் குறைவு. பறக்கப் பிடித்ததால் பறப்பவர்கள்தான் எல்லாரும்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத திடல் அது. முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாலு பக்கத்திலிருந்தும் வருகிறார்களே, மோதிக்கொள்ள மாட்டார்களா? பார்க்கப் பார்க்க ஒழுங்கு புரிந்தது. வருகிறவர் துணிப்பையைப் பார்த்துக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்கிறார். காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். அப்போதுதான் தரையைத் தொடும் வேகம் குறையும். திடலுக்கு இடப்புறமாகத் திரும்பித் திரும்பிச் சதுரமாக ஒரு சுற்று வருகிறார். முன்னால் ஒருவர் இருந்தால் அவருக்குப் பின்னால் வரிசை. ரேடியோ இருப்பவர் தான் எங்கே இருக்கிறேன் என்று எல்லாருக்கும் பொதுவான அலைவரிசையில் சொல்லிக்கொண்டே வருகிறார். ரேடியோ இல்லாத பழைய விமானங்களும் வந்தன. அவர்களுக்குக் கண்ணும் வழக்கமும்தான் துணை.

மரத்தடியில் நின்று இதைப் பார்த்தபோது எனக்குப் படவேடு நினைவு வந்தது. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்கு எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டிகள் கிளம்பிப் போகும். வண்டியை அவிழ்த்துவிட்டு அதன் நிழலிலேயே அடுப்பு மூட்டுவார்கள். இரவு வண்டிக்கு அடியிலேயே படுப்பார்கள். பிராட்ஹெட்டிலும் அது ஆடி மாதம்தான். விமானத்தைப் புல்லில் முளையடித்துக் கட்டிவிட்டு, இறக்கைக்குக் கீழே கூடாரம் போட்டு, காப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து விமானத்துக்காரர் பேரப் பிள்ளைகளுக்கு அப்பம் மாதிரி ஒரு பலகாரத்தை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கும் கிடைத்தது.

அந்தத் திடலில் ஆண்டுதோறும் கூடுவது பெரும்பாலும் ஒரே குடும்பத்து விமானங்கள். பியட்டன்பால் ஏர் கேம்பர் என்று பெயர். அதன் கதையை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற குக்கிராமம். அங்கே பெர்னார்ட் பியட்டன்பால் என்ற மெக்கானிக். கல்லூரிப் பக்கம் போனதில்லை. விமான எஞ்சின் விலை சாதாரண ஆளுக்குக் கட்டாது என்பதால், ஊரில் எல்லாரும் ஓட்டிய ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினை எடுத்துத் தான் செய்த மர விமானத்தில் பொருத்தினார். 1929-இல் அது பறந்தது. கார் எஞ்சினை வைத்து விமானம் ஓட்ட முடியாது என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதிக்கொண்டிருந்தார். பியட்டன்பால் வாதாடிக் கடிதம் எழுதுவதோடு விடவில்லை. 1930-இல் இரண்டு விமானங்களோடு மினியாபொலிஸ் பக்கத்துத் திடலுக்கே பறந்து போய் அவர் கண்முன் இறங்கினார். அதே ஆசிரியர் பிறகு வரைபடத்தை வெளியிட்டார். 1932-இல் அது புத்தகமாகவே வந்தது. தச்சு வேலை தெரிந்தவர், கொட்டகை ஒன்று இருப்பவர், பொறுமை உள்ளவர் யாரும் அதைப் பார்த்து விமானம் கட்டலாம். இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் வேலையைத் தன் கையால் செய்திருந்தால் அந்நாட்டுச் சட்டம் அதைச் சொந்தக் கையால் கட்டிய விமானம் என்று பதிவு செய்துகொள்கிறது. மேதைகளின் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் தன் ஊர்க்காரனின் பைக்குள் இருக்கும் காசை நினைத்து விமானம் வடிவமைத்த இந்த மனிதரைத்தான் நான் பெரியவராக நினைக்கிறேன்.

இனி மறுபடி பிராட்ஹெட் திடலுக்கு வருகிறேன்.

திடலின் ஓரத்தில் ஒரு கொட்டகை திறந்திருந்தது. உள்ளே இரண்டு மரத்தாங்கிகள் மேல் ஓர் இறக்கை. எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர், ஓர் அடிக்குமேல் நீளமான ஊசியை வைத்து அதைத் தைத்துக்கொண்டிருந்தார். தைத்துக்கொண்டிருந்தார் என்றுதான் எழுத வேண்டும். வேறு சொல் இல்லை. இறக்கை என்பது மரச்சட்டம். மெல்லிய மரத்தாலான விலா எலும்புகள் வரிசையாக. அதன்மேல் போர்த்தியிருப்பது துணி. வெறும் துணி! கிட்டே போய்க் கையை வைத்தேன். மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. விரலால் தட்டினால் ஒலித்தது.

நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். பட்டு நெய்யும் ஊர், அப்பா நெசவாளி என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் ஊசியைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "அப்படியானால் இது உங்கள் தொழில்தான்" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் மாணவன். இறக்கை பறக்கும்போது அதன் மேல்பக்கத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது. விமானத்தைத் தூக்குவதும் அதுதான். துணியை மேலே உறிஞ்சுவதும் அதுதான். சும்மா ஒட்டியிருந்தால் துணி பலூன் மாதிரி உப்பிக் கிளம்பிவிடும். அதனால் மெழுகிட்ட நூலை மேல்துணி வழியாக விட்டு, விலாவைச் சுற்றிக் கீழ்த்துணி வழியாக எடுத்து, இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொன்றும் தன்னளவில் நிற்கும் முடிச்சு. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்து முடிச்சு அவிழக் கூடாது. முடிச்சுகளின்மேல் பட்டியாகத் துணி ஒட்டி, அதன்மேல் பூச்சு. பூச்சில் அலுமினியத் தூள் கலந்து வெள்ளி நிறத்தில் ஓர் அடுக்கு அடிப்பார்கள். அழகுக்காக இல்லை; வெயில் துணியை அரித்துவிடும், அதைத் தடுக்க. பட்டுச் சேலையை வெயிலில் காயப்போட்டால் அம்மா பதறுவாள். அதே பதற்றம்தான் இதுவும்.

முன்பெல்லாம் பருத்தித் துணி போர்த்துவார்கள், அங்குலத்துக்கு 80 இழை என்று கணக்கு என்றார். எனக்குச் சிலிர்த்தது. அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பேசுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பட்டில் பாவு இதைவிட நெருக்கம் என்று சொன்னேன். அவர் தலையசைத்து அதைத் தன் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது பாலியெஸ்டர் துணி. அளந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை மேலே ஓட்டினால் அது சுருங்கித் தானே விறைத்துக்கொள்கிறது.

பிறகு ஊசியை என்னிடம் கொடுத்தார். நான் தறியில் உட்கார்ந்து நெய்தவன் இல்லை; கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆனால் சிறுவயதில் அப்பாவோடு பாவு பிணைத்திருக்கிறேன். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழை. அந்தப் பழக்கம் விரலில் எங்கோ இருந்தது. மூன்றாவது முடிச்சைப் பார்த்துப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, சரி என்பதுபோல் அடுத்த விலாவைக் காட்டினார். நான் போட்ட பதினொரு முடிச்சுகள் அந்த இறக்கையில் இருக்கின்றன. அவர் பிறகு எல்லாவற்றையும் சோதித்திருப்பார். சோதிக்க வேண்டும், அதுதான் முறை.

மாலையில் இன்னொருவர் தன் விமானத்தில் என்னை ஏற்றிக்கொண்டார். பயணிக்கு முன்னிருக்கை, ஓட்டுநருக்குப் பின்னிருக்கை. மேலே கூரை இல்லை. புல்லில் தடதடவென்று ஓடியது சட்டென்று மெத்தென்று ஆனது. தரையைவிட்டு வந்துவிட்டோம் என்று அப்படித்தான் தெரிந்தது. பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம்தான். கீழே ஒரு பெண்மணி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது தெரிந்தது; கையை ஆட்டினார். மேலே இறக்கைத் துணியின் முடிச்சு வரிசைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சும் எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. அப்பா இருந்திருந்தால் அவரைத்தான் அந்த இருக்கையில் உட்கார வைத்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்து வடக்கே ஆஷ்கோஷுக்கும் போனோம். அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டுவோரின் சங்கத்தை 1953-இல் பால் பொபரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் கூடுகை 1970 முதல் ஆஷ்கோஷில் நடக்கிறது. ஜூலைக் கடைசியில் ஒரு வாரம். சுமார் 10,000 விமானங்கள் வரும். ஒரே ஓடுபாதையில் நிறம் நிறமாகப் புள்ளிகள் வரைந்து, நீ பச்சைப் புள்ளியில் இறங்கு, நீ ஆரஞ்சுப் புள்ளியில் இறங்கு என்று சொல்கிறார்கள். சொன்னது கேட்டது என்பதற்கு அடையாளமாக விமானி இறக்கையை ஆட்டுகிறார். பிரமிப்பு இருந்தது. ஆனாலும் என் மனம் பிராட்ஹெட்டின் புல்லிலேயே நின்றுவிட்டது. திருவிழாவைவிட ஊர்ப் பொங்கல் எனக்குப் பிடிக்கும்.

ஊர் திரும்பியபின் துணிக்கும் வானத்துக்கும் உள்ள உறவைத் தேடித் தேடிப் படித்தேன். 1783-இல் பாரிஸில் ழாக் ஷார்ல் விட்ட முதல் ஹைட்ரஜன் பலூன், ரப்பர் பூசிய பட்டு. பிரேசில்காரர் சாந்தோஸ் துய்மோன் செய்த டெமொய்செல் என்ற குட்டி விமானம், மூங்கிலும் பட்டும். ரைட் சகோதரர்களின் இறக்கை மஸ்லின். இரண்டாம் உலகப் போர் வரை பாராசூட் என்றாலே பட்டுதான்; போர்க்காலத்தில் மைசூர்ப் பட்டு அதற்குப் போயிருக்கிறது. ஆரணித் தறிகளுக்கு இன்றும் பட்டு நூல் வருவது அந்தக் கர்நாடகப் பக்கத்திலிருந்துதான்.

நம் மண்ணிலும் சிறு விமான ஆசை புதிதில்லை. சென்னையில் ஹோட்டல் நடத்திய ஜாகொமோ டி'ஏஞ்சலிஸ் தானே வடிவமைத்த விமானத்தைச் சிம்ப்சன் பட்டறையில் செய்வித்து, 1910-இல் பல்லாவரத்தில் பறந்தார். பலகாரமும் சாப்பாடும் விற்றவர், பறக்க ஆசைப்பட்டவர். சென்னை ஃப்ளையிங் கிளப் 1930-இல் தொடங்கியது. 1958-இல் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் செய்த புஷ்பக் என்ற இரட்டை இருக்கை விமானமும் துணி போர்த்தியதுதான். சுமார் 160 கட்டினார்கள். நாடெங்கும் கிளப்புகளில் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் பழகினார்கள்.

இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ். பேசவும் கேட்கவும் இயலாதவர், ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவர். வீட்டில் தானே ஓர் இலகு விமானம் கட்டினார். அது 2014-இல் பறந்த இடம் நம் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறு. அங்கே இலகு விமானப் பயிற்சி நடத்திய ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர் அதை ஓட்டிக் காட்டினார். சஜியின் வாழ்க்கையைத் தழுவி 2017-இல் மலையாளத்தில் 'விமானம்' என்ற படமும் வந்தது. பியட்டன்பாலுக்கு ஒரு திடலும் வரைபடத்தை அச்சிட ஒரு பத்திரிகையும் கிடைத்தன. சஜிக்கு மணிமுத்தாறு கிடைத்தது. இடம் கிடைக்காமல் போன கைகள் எத்தனை இருக்குமோ!

போன தை மாதம் ஒரு நாள் ஆரணியிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறினேன். ஒண்ணுபுரத்தில் வழக்கம்போல் தறிச்சத்தம். கண்ணமங்கலம் தாண்டினால் மலைகள் கிட்டே வந்துவிடும். வேலூரில் இறங்கி, பெங்களூரு நெடுஞ்சாலையில் அப்துல்லாபுரம் போனேன். அங்கே பிரிட்டிஷ் காலத்து விமானத் திடல் ஒன்று இருக்கிறது. 2006 முதல் சில ஆண்டுகள் பயிற்சி விமானங்கள் அங்கே இறங்கி ஏறின; பிறகு நின்றுபோனது. சிறு நகரங்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்து, ஓடுபாதையும் சிறு முனையமும் புதுப்பித்திருக்கிறார்கள். பெரிய விமானத்துக்கு இடம் போதாது, சிறு விமானத்துக்குத்தான். நான் போன நேரம் மதியம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு விமானமும் இல்லை. இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப்போலவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எப்ப சார் வரும்?" என்றான் ஒருவன்.

இப்படி உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் என்று போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதைகள் தமிழ்நாட்டில் வரிசையாகக் கிடக்கின்றன. சோழவரத்தில் பல காலம் கார்ப் பந்தயம் நடந்தது. மற்றவற்றில் புல்லும் முள்ளும். நம் நாட்டில் எவ்வளவு சின்ன விமானமானாலும் கிளம்புமுன் பறப்புத் திட்டம் கொடுத்து வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். அமெரிக்கக் கிராமத்து விவசாயி காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது இங்கே நடக்காது. காவல் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. எல்லைகள் உள்ள நாடு நம்முடையது. ஆனால் முன்கூட்டி அனுமதி வாங்கி ஒரு நாள் கூடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. 17 வயது நிரம்பி, 40 மணி நேரம் பறந்து, தேர்வு எழுதினால் தனியார் விமானி உரிமம் இங்கேயும் உண்டு. பெங்களூரு ஜக்கூரிலும் சென்னையிலும் சிறு விமானங்கள் இருக்கின்றன. ஜக்கூரிலிருந்து அப்துல்லாபுரம் பறவை பறக்கும் தூரத்தில் 200 கிலோமீட்டர்கூட இல்லை.

அப்துல்லாபுரத்தை நடத்தப்போகும் அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பயணிகள் விமானம் வரட்டும், நல்லது. ஆண்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திடலைச் சிறு விமானங்களுக்குத் திறந்துவிடுங்கள். பத்து வந்தால் போதும். வேலிக்கு வெளியே நிற்கும் பையன்களை உள்ளே விடுங்கள். ஒரு துணி இறக்கையையாவது கையால் தொட்டுப் பார்க்கட்டும். அன்றைக்கு ஆரணித் தறிக்காரத் தெருக்களிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கூட்டிவருவது என் பொறுப்பு.